நிர்க்கமனம் வேண்டேன்

நல்லாயன்புரத்துக் கோயிலில் ஆராதனை முடிந்து, ஆசீர்வாதம் கூறி, ஆண்கள் தென்வாசல் வழியாகவும் பெண்கள் வடவாசல் வழியாகவும் வெளியேறி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடகர் குழுவின் முதல் குரலான ரூபவதி மட்டும் வெளியே வரவில்லை. வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, மின்விசிறிகளை நிறுத்தி, எல்லோரையும்போல வடவாசலுக்கு வந்து வலதுகாலை எடுத்து வெளிப்படியில் வைத்தாள். வைத்த கால் பீடத்துக்கு முன்னால் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் இருந்தது.

ஏதோ ஞாபகமறதியில் திரும்பி நடந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டில் ஒன்பது வருஷமாகப் படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் பார்க்கிறவளுக்கு இப்படிப்பட்ட மறதி புதிதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றதுண்டு. ஆகவே மறுபடியும் நடந்தாள், மறுபடியும் கம்பளத்தில் நின்றாள். மூன்றாம் தடவை நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு படியில் குதித்தாள், குதித்த வேகத்தில் பீடத்துப் படியில் முட்டு இடித்தது.

"என்ன மதினி, உள்ளயே நடை பழகுதிய?" என்று வெளியே நின்று கேட்டாள் சொர்ணபாய். அவள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி, ரூபவதிக்கு அடுத்த தெரு.

"வர முடியல, சொர்ணம்."

"முட்டு வலியா?"

"இல்ல. வாசல் விடமாட்டேங்கு."

சொர்ணபாயும் இன்னும் மூன்று பெண்களும் உள்ளே வந்து, ஆளுக்கொரு கையும் தோளுமாகப் பிடித்து இழுத்தார்கள். நால்வரும் வெளியே போய் விழுந்தார்கள். ரூபவதியின் கை ஈரச் சோப்பைப்போல அவர்கள் கைக்குள்ளிருந்து நழுவி உள்ளே நின்றுகொண்டது. பிறகு ஆண்கள் வந்து பெஞ்சோடு தூக்கிப் பார்த்தார்கள். பெஞ்சு வெளியே வந்தது. நல்லாயன்புரம் மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் சபைக் குருவான ஐயர் வந்துபோகிற சிற்றூர் என்பதால் மற்ற நாட்களில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் மாசிலாமணி, பாதிச் சாப்பாட்டில் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து ஒரு ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்து ஆமென் சொல்லி அவளும் அவரும் சேர்ந்து வாசலுக்கு நடந்தார்கள். அவர் வெளியே நின்றார்.

கடைசியாக வந்தவன் அவள் புருஷன் வேதக்கண். மாவு மில் வைத்திருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமையும் மில்லைக் கழுவித் துடைக்கிறவன், புருவமெல்லாம் வெள்ளையாக வந்து தென்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அவளையே பார்த்தான்.

"அப்ப அம்மாவுக்கு மத்தியானக் கஞ்சி யாரு குடுப்பா?" என்றான்.

முதல் எட்டு நாளும் ரூபவதி தூங்கினாள். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பாடகர் குழு உட்காருகிற பாயில் தலையை வைத்ததும் கிணற்றில் விழுந்த கல்லைப்போலத் தூக்கத்துக்குள் போனாள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருதடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க அங்கே யாருமில்லை, முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட யாருமில்லை, ரூபா ரூபா என்று சுவரைத் தட்டிக் கூப்பிட யாருமில்லை. ஒன்பதாம் நாள் தூக்கம் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் கோயில் எவ்வளவு பெரியது, எவ்வளவு மூடியது என்று தெரிந்தது. தென்பக்க ஜன்னலில் தெருவின் ஒரு துண்டு தெரியும். ஒரு ஆடு அந்தத் துண்டுக்குள் வரும், நாலு எட்டு நடக்கும், போய்விடும். சைக்கிள் வரும், போய்விடும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கம்பியில் கன்னத்தை அழுத்திப் பார்த்தாலும் தெரியாது.

ஊரோ, ஊர்களின் வழக்கப்படி, நடந்ததைவிட்டு நடக்கவேண்டியதைப் பேசத் தொடங்கியது. அவள் எங்கே குளிப்பாள்? ஐயர் அங்கி மாற்றுகிற அறையில் ஒரு குழாய் உண்டு, வேறொன்றுமில்லை. சபைக் கமிட்டி இரண்டு கூட்டம் போட்டு, இரண்டிலும் சண்டைபோட்டு, அந்த அறையோடு ஒட்டி ஒரு குளியலறை கட்டுவதென்று முடிவுசெய்து, பத்து நாளில் கட்டியும் முடித்தது. ஆனால் கதவைத் திறந்து அவள் கால் வைத்தபோது கால் கம்பளத்துக்குத் திரும்பியது. அந்த வாரம் ஐயர் வந்தார். நிதானமான மனிதர், சுற்றிப் பார்த்துவிட்டு, "புதுக் கட்டடம் இன்னும் பிரதிஷ்டை ஆகலையே. பிரதிஷ்டை பண்ணாத இடம் எப்படிக் கோயிலாகும்?" என்றார். பிறகு வெள்ளை அங்கியோடு குளியலறைக்குள் போய், வாளியையும் கோப்பையையும் தள்ளிவைத்துவிட்டு, முறையாக ஜெபித்து அதைக் கர்த்தருக்குப் பிரதிஷ்டை செய்தார். ரூபவதி உள்ளே போனாள். முப்பது நாளுக்குப் பிறகு தலைக்கு ஊற்றிக் குளித்தாள். வெளியே பெண்கள் கைதட்டினார்கள்.

அன்னபாக்கியம் டீச்சரை, அதாவது படுக்கையில் கிடந்த மாமியாரை, பெண்கள் ஐக்கிய சங்கம் முறைவைத்துப் பார்த்துக்கொண்டது. முப்பத்துநாலு வருஷம் தமிழ் நடத்தியவள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்புதான் போயிற்று, நாக்கு போகவில்லை. கஞ்சி ஊட்ட வந்தவர்களின் பேச்சில் இலக்கணப் பிழை பிடித்தாள், ஜெபம் பண்ண வந்தவர்களின் ஜெபத்தில் ஒருமை பன்மைப் பிழை பிடித்தாள். பதினைந்தாம் நாள் யாரும் வரவில்லை. வேதக்கண் மில்லைச் சாத்திவிட்டுத் தானே ஒரு வாளியில் வெந்நீரோடு அம்மாவின் அறைக்குள் போனான். ஒன்பது வருஷத்தில் அந்த அறையின் வாசல்வரைக்கும்தான் அவன் போயிருந்தான்.

இதற்குள் விஷயம் வெளியூருக்கும் எட்டி, இறையியல் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசியாக என்ன பாடினாள் என்று கேட்டார். அது ஊரறிந்த பாட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சபையின் முதல் உபதேசியார் கட்டியது. மாதத்தின் முதல் ஞாயிறு அதைப் பாடாமல் ஆராதனை முடியாது.

*ஸ்தம்பமாய் எனை நாட்டும், சற்குருவே, உம் வீட்டில்;*
*நிர்க்கமனம் வேண்டேன், நித்தியரே, உம் கூட்டில்.*

அந்த முதல் உபதேசியார் வடமொழி கொஞ்சம் படித்தவர், படித்ததைக் காட்டாமல் இருக்கத் தெரியாதவர். அவர் காலத்துக்குப் பிறகு யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. தெரியாததால் யாருக்கும் சிரமமும் இல்லை. ராகம் அவ்வளவு இனிமையானது. நாலு தலைமுறையாகப் பாடிப் பாடி அந்தச் சொல் வாயில் தேய்ந்து 'நீர்க்கமலம் வேண்டேன்' என்று ஆகியிருந்தது. கிறிஸ்தவன் தாமரைப்பூவை ஏன் வேண்டாம் என்கிறான் என்று யாராவது கேட்டால், அது மற்ற சாமிகளுக்கு வைக்கிற பூவல்லவா என்று ஒரு விளக்கமும் தயாராக இருந்தது.

பேராசிரியர் மைக்கின் முன்னால் நின்று, "ஸ்தம்பம் என்றால் தூண். நிர்க்கமனம் என்றால் வெளியேறுதல். ஜெயித்தவனை என் ஆலயத்தில் தூணாக நிறுத்துவேன், அவன் அப்புறம் வெளியே போகமாட்டான் என்று வேதத்தில் ஒரு வாக்கு இருக்கிறது. அதை வைத்துக் கட்டிய பாட்டு இது. என்னை இங்கேயே நட்டுவிடும், வெளியே போவதே எனக்கு வேண்டாம் என்று நீங்கள் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

கேட்கக் கூடியிருந்த முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தார்கள்.

"அப்ப நீர்க்கமலம் இல்லையாய்யா?" என்றாள் சொர்ணபாய்.

பேராசிரியர் ரூபவதியின் பக்கம் திரும்பினார். "அம்மா, அர்த்தம் தெரிஞ்சு பாடினீங்களா, தெரியாமப் பாடினீங்களா?"

எல்லாக் கண்ணும் அவள்மேல் இருந்தன. கூட்டத்தின் கடைசியில் வேதக்கண் நின்றிருந்தான். அவன் சட்டைக்கையில் மாவுக்குப் பதிலாக டெட்டால் வாசனை அடிப்பதாக யாரோ சிரித்தது அவள் காதில் விழுந்திருந்தது.

"தெரியாதுய்யா," என்றாள் ரூபவதி.

அது பொய். அவளுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமைதான் தெரிந்தது. மாமியாருக்கு உடம்பு துடைத்துக்கொண்டே அவள் அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன பாடுத?" என்றாள் டீச்சர்.

"கோயில் பாட்டு அத்தை. நீர்க்கமலம் வேண்டேன்."

"தாமரைப்பூ வேண்டாம்னு கர்த்தர்ட்ட சொல்லுததுக்கு ஒரு பாட்டா? நிர்க்கமனம்ட்டி, மடச்சி. நிர், கமனம். வெளிய போறது. உம்ம வீட்டுல என்னைத் தூணா நட்டுரும், நான் வெளிய போவவே வேண்டாம்னு கேக்கான் அந்த மனுசன். முப்பது வருசமா வாயைப் பொளந்து பாடுதா, என்ன கேக்கோம்னு தெரியல. அந்தப் பக்கம் புரட்டு, முதுகு எரியுது."

ரூபவதி புரட்டினாள். பவுடர் போட்டாள். படுக்கையடிப் பீங்கானை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவினாள். கையைச் சோப்புப் போட்டு மூன்றுதடவை கழுவியும் வாசனை போகவில்லை. புதன்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்குப் போவது நின்று ஆறு வருஷம், கல்யாண வீடுகளுக்குப் போவது நின்று நாலு வருஷம். ஒரே பிள்ளை மஸ்கட்டில். ஞாயிறு ஒன்பதுமணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும் மட்டும்தான் அவளுக்கு வெளியுலகம். மறுநாள் அந்த வரி வந்தபோது வெள்ளைச் சுவரைப் பார்த்தாள், மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள், தன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடாத அந்தப் பெரிய காற்றோட்டத்தைப் பார்த்தாள். பதினொன்றரைக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. வாயால் மட்டுமில்லை, வயிற்றிலிருந்து, உள்ளங்காலிலிருந்து அவள் அதைக் கேட்டாள். வேண்டேன் ஐயா, வெளியே போக வேண்டேன்.

கேட்டது கிடைத்தது. அவ்வளவுதான் நடந்தது.

பேராசிரியரோ, அர்த்தம் தெரியாமல் கேட்டதால் வந்த முடிச்சு அர்த்தம் தெரிந்தால் அவிழும் என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லையும் அவளுக்கு விளக்கி, எழுதச் சொல்லி, ஒப்பிக்கச் சொன்னார். தெரிந்ததையே தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டு அவள் ஒப்பித்தாள். ஊரே சூழ வடவாசலுக்கு நடந்தாள். கம்பளத்தில் நின்றாள். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அப்படியென்றால் இது தண்டனை இல்லை, ஆண்டவரின் தெரிந்தெடுப்பு" என்று சொல்லிவிட்டு நாலரைமணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ரூபவதிக்குப் பரிசுத்தவதி என்று பெயர்.

நல்லாயன்புரத்துக்காரர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கப் பயந்தார்கள். பாடுவதை ஆண்டவர் அப்படியே எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்தபிறகு யார்தான் யோசிக்காமல் பாடுவார்கள்? 'அனலில் இட்டாலும் அகலேன்' என்ற பாட்டை அறிவித்தால் பெண்கள் உதட்டை மூடிக்கொண்டார்கள். 'வெள்ளம் என்மேல் புரண்டாலும்' என்ற வரிக்குக் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருந்தவர்கள் இருமினார்கள். 'சீக்கிரம் உம்மண்டை அழைத்துக்கொள்ளும்' என்பதை எண்பது தாண்டியவர்கள்கூட, சீக்கிரம் என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் பாடினார்கள். சாயங்காலம் ஐந்துமணிக்கு உபதேசியார் மாசிலாமணி ஒரு பழைய அகராதியோடு கோயில் சுவரோரம் உட்கார, ஊர்க்காரர்கள் பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"ஐயா, இதுல 'சிரம் ஈந்தேன்'னு வருதே, சிரம்னா என்ன?"

"தலை."

"தலையைக் குடுக்கேன்னா சொல்லுதேன்? எங்க வீட்டுக்காரர் ஞானஸ்நானத்துக்குப் பாடினதுய்யா இது!"

இப்படிக் கேட்டுக் கேட்டு, ஐம்பது வருஷமாகச் சாவு வீட்டில் அழுதுகொண்டே பாடிய ஒரு பாட்டு உண்மையில் அறுப்புக்காலச் சந்தோஷப் பாட்டு என்று தெரியவந்தது. மன்னிப்புக் கேட்கிற ஒரு பாட்டின் அர்த்தத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு வருஷமாகப் பேசாத தம்பி வீட்டுக்கு நேராக நடந்துபோன ஒருவரும் உண்டு. ஆராதனையில் பாட்டுகள் குறைந்தன. ஆனால் பாடினது கனமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கல் எடுத்து வைப்பதுபோல வைத்தார்கள்.

ரூபவதிக்கோ நாள் நீண்டுகொண்டே போயிற்று. பரிசுத்தவதியிடம் ஜெபிக்கச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். பரீட்சை எழுதுகிறவர்கள் வந்தார்கள், பேய் பிடித்ததாகச் சொன்னவர்கள் வந்தார்கள், மாடு காணாமல்போனவர்கள் வந்தார்கள். விடியற்காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை அம்மா அம்மா என்று கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷம் ஒருத்திதான் கூப்பிட்டாள். இப்போது ஊரே கூப்பிட்டது. பொய்யை எடுத்துச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பாடி வெளியேற முடியுமா என்று அவள் பார்க்காமலில்லை. நானூறு பாட்டையும் ஒன்று ஒன்றாகப் புரட்டினாள், புரியாத சொல்லுக்கு உபதேசியாரிடம் ஆள் அனுப்பினாள். உள்ளே வா என்ற பாட்டு இருந்தது, உம்மில் மறைத்துக்கொள்ளும் என்ற பாட்டு இருந்தது, இளைப்பாறுவேன், தங்குவேன், அண்டிக்கொள்வேன், விடேன் விடேன் என்றெல்லாம் இருந்தது. என்னை வெளியே விடும் என்று கேட்கிற பாட்டு அந்தப் புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை.

வேதக்கண் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு ஜன்னலுக்கு வந்தான். மெலிந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒருநாள் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"ரூபா, ஒரு வழி பிறந்திருக்கு," என்றான். "குளியலறையைப் பிரதிஷ்டை பண்ணினதும் நீ உள்ள போனியா இல்லையா? கோயிலுக்கும் நம்ம வீட்டுப் பின்வாசலுக்கும் நடுவுல நூத்திநாப்பது அடிதான். ஒரு நடைக்கூடம் போட்டுட்டா? கமிட்டியில கேட்டேன், எல்லாரும் சரின்னுட்டாவ. கூடத்தைப் பிரதிஷ்டை பண்ணி, அப்படியே அம்மா அறையையும் சேத்துப் பிரதிஷ்டை பண்ணிரலாம்."

ரூபவதி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கோயில்லயும் இருக்கலாம், அம்மாவையும் பாத்துக்கலாம். ரெண்டும் ஒரே கூரைக்குள்ள. அடுக்களையையும் சேக்கச் சொல்லிருக்கேன். ஐயரு யோசிக்காரு, ஒத்துக்குவாரு."

"வேற எங்கயும் போக முடியாதா?"

"வேற எங்க போவணும்?" என்றான் வேதக்கண், நிஜமாகவே புரியாமல். அவன் கையில் வெந்நீர்க் கொப்புளம் இருந்தது. அவனைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை.

நடைக்கூடம் எழும்பியது. ஊரே வந்து வேலைசெய்தது. பரிசுத்தவதிக்காக என்று பெண்கள் பாட்டில்லாமல் மண் சுமந்தார்கள். பதினெட்டுத் தூண்கள். வடபக்க ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு நாளும் ஒரு தூண் கூடியது. வரிசை தென்னைகளுக்கு நடுவே புகுந்து அவள் வீட்டுக் கொல்லையை நோக்கி நகர்ந்துகொண்டே போயிற்று. இரண்டு சிறைகளை ஒன்றாக்குகிறார்கள், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்தாள். சோறு இறங்கவில்லை. அதையும் உபவாசம் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

பிரதிஷ்டைக்குக் குறித்த ஞாயிறு வந்தது. வாழைமரம் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, பின்னால் அசனம் என்கிற சபை விருந்துக்குப் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருக்க, கோயில் நிரம்பி வழிந்தது. அன்னபாக்கியம் டீச்சர் தன்னையும் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று அடம்பிடித்து, வேதக்கண்ணும் இன்னும் மூன்று பேரும் மரநாற்காலியோடு அவளைத் தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் கோயிலைப் பார்க்கிறாள். கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கூரையையும் விளக்குகளையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம் சகோதரி அந்தப் பாட்டைப் பாடட்டும். பாடி முடித்ததும் பிரதிஷ்டை செய்வோம்," என்றார் ஐயர்.

ரூபவதி மைக்கின் முன்னால் வந்தாள். ஹார்மோனியம் இரண்டுதடவை ராகத்தை எடுத்துக் கொடுத்தது. அவள் பாடவில்லை.

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன்," என்றாள். "அர்த்தம் தெரியாமப் பாடினேன்னு சொன்னேன். தெரியும். தெரிஞ்சுதான் பாடினேன். முப்பது வருசத்துல அன்னைக்கு ஒருநாள்தான் தெரிஞ்சு பாடினேன். பக்தியில இல்ல. எனக்கு வீட்டுக்குப் போவப் பிடிக்கல. அந்த நாத்தத்துக்குத் திரும்பிப் போவப் பிடிக்கல. இங்க ஃபேன் ஓடிச்சு, யாரும் கூப்பிடல, அதனால கேட்டேன். நான் பரிசுத்தவதி இல்ல. நீங்க யாரும் என் காலைத் தொடாதிய."

வேதக்கண் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். சொர்ணபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, முன்வரிசை நாற்காலியிலிருந்து அந்த வகுப்பறைக் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்."

டீச்சர் ரூபவதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஒலிபெருக்கி வழியா எனக்குக் கேட்டுது. முப்பது வருசமா நீ ராகத்தைப் பாடினே. அன்னைக்குத்தான் பாட்டைப் பாடினே. கேட்டதும் எனக்குப் புரிஞ்சிபோச்சு, இவ திரும்பி வரமாட்டான்னு. கோவம் வந்துது. சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்த அறை எனக்கு மட்டும் பிடிச்சா கிடக்கு? சரி, அதை விடு. இப்ப என்னட்டி வேணும் உனக்கு?"

"வெளிய போவணும் அத்தை."

"என்கிட்ட ஏன் கேக்க? கேக்கவேண்டிய இடத்துல கேளு."

ரூபவதி பீடத்தின் பக்கம் திரும்பினாள். கைகூப்பக்கூட இல்லை. அந்த இடத்தில் ராகம் எதுவும் அவளுக்கு வரவில்லை. தெருக்குழாயில் அடுத்தவீட்டுக்காரியிடம் பேசுகிறதுபோலச் சொன்னாள்.

"ஆண்டவரே, எனக்கு வெளிய போவணும். வீட்டுக்குன்னு இல்ல. ஊழியத்துக்குன்னும் இல்ல. எதுக்குன்னு கேக்காதேயும். சும்மா வெளிய போவணும்."

பிறகு நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. வடவாசலில் நின்று ஒருதடவை மூச்சை இழுத்து, வலதுகாலை எடுத்து வெளிப்படியில் வைத்தாள். படி சுட்டது. கீழே பார்த்தாள், கம்பளம் இல்லை, கல்தான், மத்தியான வெயிலில் காய்ந்து கொதிக்கிற கல். மூன்று மாதத்துக்கு முன்னால் கழற்றிவைத்த செருப்பை யாரோ மாட்டிப்போயிருந்தார்கள். வெறுங்காலோடு, சுடச்சுட, வாழைமரங்களைத் தாண்டி, ஒரு துண்டாக மட்டுமே பார்த்திருந்த தெருவின் முழு நீளத்திலும் நடந்து, வீட்டு வாசலையும் தாண்டி, செம்மணல் தேரி தொடங்குகிற இடம்வரை போனாள்.

கோயிலுக்குள் ஐயர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, எந்தப் பாட்டையும் அறிவிக்கத் துணியாமல் நின்றார். அப்போது டீச்சர், "அந்த மைக்கை இப்படிக் குடுங்க" என்றாள். கொடுத்தார்கள். கரகரத்த குரலில், சுருதி சேராமல், ஆனால் ஒரு மாத்திரை பிசகாத உச்சரிப்போடு, ஸ்தம்பமாய் எனை நாட்டும் என்று தொடங்கினாள். நிர்க்கமனம் என்ற சொல்லில் நிறுத்தி, சுற்றியிருந்த ஜன்னல்களையும் முகங்களையும் ஒருதடவை பார்த்துக்கொண்டு, வேண்டேன் என்று முடித்தாள்.

அசனம் முடிந்து, வேதக்கண்ணும் மூன்று பேரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தென்வாசலைத் தாண்டியபோது, நால்வரும் வெளியே நின்றார்கள். நாற்காலியும் வெளியே நின்றது. டீச்சர் சிவப்புக் கம்பளத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா பாக்க? அந்தத் தென்பக்க ஜன்னலுக்குக் கட்டிலைக் கொண்டாந்து போடு," என்றாள் மகனிடம்.

ஊருக்கு இப்போது எல்லாம் பழகியிருந்தது. குளியலறை இருந்தது, முறைப்பட்டியல் இருந்தது. கோயிலுக்குள் கிடக்கிறவளைப் பார்க்கமாட்டேன் என்று யாரும் சொல்லவும் முடியவில்லை. காலையில் மில் திறக்குமுன் வேதக்கண் வந்து வெந்நீரால் துடைத்துவிடுவான், மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கம் வந்து புரட்டிப் படுக்கவைக்கும். கல்யாணங்களை அவள் படுக்கையிலிருந்தே பார்த்தாள், பிரசங்கங்களில் பிழை பிடித்தாள், ஐந்துமணிக்கு உபதேசியாரின் அகராதியைப் பிடுங்கிவைத்துக்கொண்டு பாட்டுகளுக்கு அர்த்தம் சொன்னாள். பிரதிஷ்டை ஆகாத நடைக்கூடத்தில் ஊர்ப்பெண்கள் மிளகாய் காயப்போட்டார்கள்.

ரூபவதி அன்று சாயங்காலமே பசித்து வீடு திரும்பியிருந்தாள். காலியான அறையைக் கழுவிவிட்டாள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருதடவை தானாக விழிப்பு வந்தது, எழுந்து உட்கார்ந்து, புரட்டுவதற்கு யாருமில்லை என்று தெரிந்து மறுபடி படுத்தாள்; அது அடங்க மாதங்களாயிற்று. வேதக்கண் அவளிடம் மன்னிப்பு என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் எழுந்து அடுப்பை மூட்டத் தொடங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயில் சுவருக்கு வெளியே நின்று ஆராதனையைக் கேட்டாள். வாசலுக்குள் கால் வைக்கவில்லை. மாமியாருக்குச் சாப்பாட்டை ஜன்னல் வழியாகத்தான் கொடுத்தாள்.

"உள்ள வாயேன், கடிச்சா திங்கப்போறேன்," என்பாள் டீச்சர்.

"இங்கயே நிக்கேன் அத்தை."

ஒரு புதன்கிழமை அவள் சாப்பாடு கொண்டுவரவில்லை. வேதக்கண்தான் கொண்டுவந்தான். ரூபா எங்கே என்று கேட்டதற்கு, காலையில் பஸ் ஏறிப் போனாள், சொல்லிவிட்டுத்தான் போனாள் என்றான். சாயங்காலம் ஐந்தரைக்கு, அர்த்தம் கேட்க வந்தவர்களெல்லாம் போனபிறகு, அவள் ஜன்னலுக்கு வந்து நின்றாள். முகம் கறுத்து உப்புப் படிந்திருந்தது, சேலையின் கீழ்க்கரை ஈரமாக இருந்தது.

"எங்கட்டி போனே?"

"மணப்பாட்டுக்கு. கடல் பாக்க."

"ஒம்பது மைல்ல இருக்கு. இத்தனை வருசத்துல பாத்ததில்லையா நீ?"

"இல்ல."

டீச்சர் கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து, கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். "எப்படி இருந்துது?"

"ஒரே சத்தம். விடாமச் சத்தம்."

"பாட்டு ஏதும் பாடினியா அங்க?"

ரூபவதி ஈரக் கரையைப் பிழிந்துகொண்டே யோசித்தாள்.

"இல்ல அத்தை," என்றாள். "ஒண்ணும் கேக்கல. சும்மா நின்னுட்டு வந்தேன்."